குறைந்து வந்த பில்

கரண்ட் பில் குறைந்து வந்திருந்தது. அவள் மறுபடியும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கணவனிடம் நீட்டினாள்.

"தப்பா அடிச்சிருப்பாங்க" என்றான்.

"தப்பா அடிச்சா கூடத்தான் அடிப்பாங்க."

அவன் சிரித்தான். சிரித்து நாளாகியிருந்தது. வேன் ஓட்டுகிறவன். டீசல் விலை ஏறியதிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் லோடு எடுத்தான்.

அவளுக்கு சூப்பர் மார்க்கெட்டில் விலைச்சீட்டு ஒட்டும் வேலை. பழைய விலையின் மேல் புதிய விலை. ஒரே எண்ணெய் பாட்டிலில் சீட்டின் மேல் சீட்டாகத் தடித்துப்போனதும் உண்டு. விலை ஏறுவது மற்றவர்களுக்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் வீட்டில் முன்கூட்டியே இறுக்கிப் பிடித்தாள். அரிசியை ஊறவைத்து உலையிலிட்டாள். பாதி வெந்ததும் அடுப்பை அணைத்து, மூடியின் மேல் கனமாக ஒன்றை வைத்தாள். மீதி தானே வெந்தது. காய் கழுவிய தண்ணீரில் தரையைத் துடைத்தாள். கூடத்தில் ஒரு பல்பைக் கழற்றிவிட்டாள். துணியை உதறிக் காயப்போட்டு, மடித்து மெத்தைக்கடியில் வைத்தாள். இஸ்திரிப் பெட்டி அலமாரியின் மேல் ஏறிவிட்டது. சோப்பு கரைந்து சில்லானதும் புதுச் சோப்பின் முதுகில் அழுத்தி ஒட்டினாள்.

இத்தனை நாள் இதற்கெல்லாம் பலன் தெரிந்ததில்லை. இப்போது தெரிந்தது.

பில்லை எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள். அவர் ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். மூக்கில் டியூப். பக்கத்தில் ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஓய்வு பெறும்வரை வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்தவர். நுரையீரல் கெட்டதற்குத் தெருப்புழுதியைக் குறை சொல்வார். பீடியைச் சொல்லமாட்டார். குளிக்கிற, சாப்பிடுகிற நேரம் தவிர மெஷின் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்பா பில்லைக் கண்ணிலிருந்து தள்ளிப் பிடித்தார். தொகையைப் பார்க்கவில்லை. யூனிட்டைப் பார்த்தார்.

"பரவாயில்லையே. கெட்டிக்காரிதான்."

"இன்னும் குறைப்பேன், பாருங்க."

அடுத்த பில் இன்னும் குறைந்தது.

கடையில் அதைக் காட்டியபோது பில்லிங் கவுன்டர் பெண் கேட்டாள். "அக்கா, கரண்ட் ஆபீஸ்ல யாராவது சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"இருந்தாரு. இப்ப ரிட்டயர் ஆயிட்டாரு."

"அதானே பாத்தேன்."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் நாலைந்து பேர் அவளைச் சுற்றி உட்கார்ந்து வழி கேட்டார்கள். அரிசி ஊறவைப்பதிலிருந்து தொடங்கினாள்.

அந்த நாட்களில் அப்பாவின் கால் வீங்கத் தொடங்கியது. பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்து தூங்கிப்போனார். ஒருநாள் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, "அது எங்கே, அது" என்று தேடினார். பெயர் வாயில் வரவில்லை. வயசு என்று அவள் நினைத்தாள். வேலை முடிந்து வந்து அவர் விரலில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை மாட்டிப் பார்ப்பாள். எண் சரியாகத்தான் இருக்கும். டாக்டர் மட்டும் காலை அழுத்திப் பார்த்துவிட்டு யோசித்தார். மெஷினில் அளவைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னார். கூட்டி வைத்தாள்.

அவர்கள் வீட்டுக்கு நேர் கீழே டெய்லர் கடை. மழைக்காலம் முடிகிற சமயம், கணவனின் பேன்ட்டை உள்பக்கம் வெளியே திருப்பித் தைக்கக் கொடுத்திருந்தாள். அதை வாங்கப் போனாள்.

"இதுக்கு மேல திருப்ப இதுல பக்கம் இல்லம்மா" என்றார் டெய்லர்.

"இந்த வருஷம் ஓட்டிடுவோம் அண்ணே."

"அப்பாவுக்கு நல்லாயிடுச்சு போல?"

"அப்படியேதான் இருக்காரு. ஏன் கேக்குறீங்க?"

"மெஷின் சத்தமே காணோமே. என் மெஷினும் அவர் மெஷினும் நாள் பூரா போட்டி போட்டுக்கிட்டுக் கிடக்கும். இப்பல்லாம் பகல்ல நான் மட்டும்தான். நீ வர்ற நேரத்துக்குத்தான் அவர் ஆரம்பிக்கிறாரு."

அவள் பேன்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"சில்லறை இல்லைன்னா அப்புறம் குடும்மா" என்றார் டெய்லர்.

மறுநாள் சூப்பர்வைசரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு மதியமே கிளம்பினாள். படியேறிச் சாவியைப் போட்டுத் திறந்தாள். ஃப்ரிட்ஜின் உறுமல் மட்டும் கேட்டது.

அப்பா நாற்காலியில் இருந்தார். டியூப் மூக்கில் இருந்தது. மெஷின் நின்றிருந்தது. உதடு மை தொட்டதுபோல் கறுத்திருந்தது. தோள்கள் ஏறி இறங்கின.

ஸ்விட்சைப் போட்டாள். மெஷின் ஒருமுறை கூவிவிட்டு ஓடத் தொடங்கியது. அவர் விரலில் கருவியை மாட்டினாள். அவ்வளவு குறைந்த எண்ணை அவள் அதில் பார்த்ததில்லை.

"எப்பலேர்ந்துப்பா?"

அவர் மூச்சுக்குக் காத்திருந்தார். "மழைக்கு முன்னாடிலேர்ந்து."

"டியூப் எதுக்கு மாட்டியிருக்கீங்க?"

"யாராவது வந்துட்டா?"

அவள் தரையில் உட்கார்ந்தாள். எண் ஒவ்வொன்றாக ஏறியது.

"இந்த வீட்லயே பெரிய தீனிக்காரன் இவன்தான்" என்று மெஷினைக் காட்டினார். "நீ அணைக்கிற லைட்டெல்லாம் சேத்தாலும் இவன் ஒரு வாய்க்குக் காணாது. எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சும் கெட்டிக்காரின்னு சொன்னீங்க."

"முதல்ல சும்மா கொஞ்ச நேரம்தான் நிறுத்திப் பாத்தேன். பழையபடி விட்டுடலாம்னுதான் இருந்தேன். பில்லு வந்துச்சு. நீ அதைத் தூக்கிக்கிட்டு வந்து நின்னே." மூச்சு வாங்கினார். "அப்படி உன் முகத்தைப் பாத்து எத்தனை நாளாச்சு."

அவர் விரலைப் பிடித்துக்கொண்டு எண்ணையே பார்த்திருந்தாள். கடையில் சாப்பாட்டு நேரத்தில் தன்னைச் சுற்றி உட்கார்ந்தவர்களின் முகங்கள் நினைவுக்கு வந்தன. அவர்கள் இந்நேரம் அரிசியை ஊறப்போட்டிருப்பார்கள்.

டாக்டர் புதிதாகப் படம் எடுத்துப் பார்த்தார். இதயம் பெருத்திருந்தது. "போனது போனதுதான்மா. இருக்கிறதைக் காப்பாத்தணும். மெஷின் நிக்கவே கூடாது" என்றார்.

இரவு கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் மாமனாரின் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"மாமா, டீசல் ஏறிப்போச்சுன்னு நான் வண்டியைத் தள்ளிக்கிட்டா போறேன்?"

"ஞாயித்துக்கிழமையும் போறீங்களே மாப்பிள்ளை."

அவன் எழுந்து ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்தான்.

அவள் கைப்பையிலிருந்து ஒரு விலைச்சீட்டை எடுத்தாள். உரித்தால் துண்டு துண்டாகக் கிழியும் சீட்டு. மலிவான பொருளின் விலையைப் பெயர்த்து வேறொன்றில் ஒட்டுகிறவர்களைத் தடுக்க அப்படி வெட்டுப் போட்டு வரும். ஸ்விட்சையும் போர்டையும் சேர்த்து ஒட்டி நகத்தால் அழுத்தித் தேய்த்தாள்.

"விலை போடலையா?" என்றார் அப்பா.

"போடலை."

"குளிக்கப் போறப்ப?"

"அப்பவும் ஓடட்டும்."

வேலையிலிருந்து வந்ததும் முதலில் அந்தச் சீட்டைப் பார்த்தாள். கிழிந்திருக்கவில்லை. அப்பாவும் அவள் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

பில் வந்தது.

"வந்துடுச்சா?" என்றார்.

"வந்துச்சு."

"கூடவா?"

"கூடத்தான்."

அவள் மறைக்கவில்லை. கையில் கொடுத்தாள். அவர் தள்ளிப் பிடித்து யூனிட்டைப் பார்த்தார். மனசுக்குள் எதையோ கூட்டினார்.

"சரியாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்.

அந்த வாரம் டெய்லரும் அவர் தம்பியும் மேலே வந்தார்கள். அவருக்கு விற்ற ஃப்ரிட்ஜைத் துடைத்து, கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தாள்.

"உள்ளே ஏதாவது மறந்து வச்சிருந்தா எனக்குத்தான்" என்றார் டெய்லர்.

"குளிருதான் இருக்கு அண்ணே. எடுத்துக்குங்க."

அவர்கள் அதைச் சாய்த்து, ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். அது நின்றிருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. நாளை முதல் பாலைக் காலையிலேயே முழுக்கக் காய்ச்சிவிட வேண்டும்.

அப்பாவின் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அந்தச் சத்தம் நின்னுடுச்சே" என்றார்.

"ஆமாப்பா. இனிமே இது ஒண்ணுதான்."

அவர் மெஷின் பக்கம் கையை நீட்டினார். அவள் நிமிர்ந்தாள். அவர் ஸ்விட்சைத் தொடவில்லை. முறுக்கிக்கொண்டிருந்த டியூபை நேராக்கி மடியில் போட்டுக்கொண்டார்.

கீழே தையல் மெஷின் ஓடத் தொடங்கியது.