வலப்பக்கம் இழுக்கும் வண்டி

ஸ்கூட்டரின் இடது பக்கப் பெட்டியைத் திறந்த மெக்கானிக் ராஜாக்கண்ணு, உள்ளே துணி சுற்றி வைத்திருந்த ஐந்து கிலோ படிக்கல்லைப் பார்த்ததும் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டான். வண்டியை ஒரு தடவை பார்த்தான். பக்கத்தில் குடையோடு நின்றிருந்த செபாஸ்டியனையும் ஒரு தடவை பார்த்தான்.

"இன்னா சார் இது? சொசைட்டி கல்லு வண்டிக்குள்ள கீது."

"சைடு வாங்குதில்ல, அதுக்குத்தான்," என்றார் செபாஸ்டியன். "அத வெச்சா கொஞ்சம் நேரா போவுது."

செபாஸ்டியன் ஆலங்காயம் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். சுவரில் காலண்டர் அரை விரல் சாய்ந்திருந்தாலும் எழுந்து போய் நேராக்கிவிட்டுத்தான் வேலை பார்ப்பார். அப்படிப்பட்டவருக்குச் சொந்த வண்டியே மூன்று மாதமாக வலப்பக்கம் இழுத்தால் எப்படி இருக்கும்? கடைத்தெருவில் எதிரே வருகிறவர்களெல்லாம், சார் தங்கள் மேல்தான் வருகிறார் என்று ஒதுங்கினார்கள். வாணியம்பாடியில் ஒருவர் பேரிங்கை மாற்றிப் பார்த்தார். இன்னொருவர் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் புஷ்ஷை மாற்றினார். மூன்றாமவர் ஒன்றையும் தொடாமலே, பாடி வளைந்துபோச்சு, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். பின் சக்கரம் கோணல் என்பதில் மட்டும் மூன்று பேருக்கும் ஒரே எண்ணம். டயரைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். வலது ஓரம் மொழுக்கென்று தேய்ந்து கிடந்தது, இடது ஓரத்தில் மேடு மேடான பட்டன் புதுசு போல இருந்தது.

வண்டி கெட்டுப்போனதில் செபாஸ்டியனுக்கு ஒரு சௌகரியமும் இருந்தது. அதை அவர் கோவிலில் சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லியிருக்க மாட்டார். அவர் மனைவி அன்னமேரிக்கு அந்த வருஷம், எண்பத்திநாலு ஜூனில், தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. நெல்லிவாசல்நாட்டுப் பக்கம், மலைமேல் ஒரு பள்ளிக்கூடம். தினமும் போய்வருகிற தூரமா அது? பள்ளியை ஒட்டிய அறையில் தங்கிக்கொண்டு, பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஜீப்பில் தொற்றிக்கொண்டு கீழே வருவாள். வந்த ஒவ்வொரு தடவையும் ஒன்றையே சொன்னாள். "ஒரு தடவ மேல வந்து பாருங்க. பாத்துட்டு நீங்க வேணாம்னு சொன்னா, ப்ரமோஷன் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்றேன்." பழைய பள்ளிக்கூடத்தில் அவள் இடத்துக்கு வேறு ஆளைப் போடப் போகிறார்கள் என்று பேச்சு. எழுதிக் கொடுப்பதானால் வருகிற திங்கட்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். இன்றைக்கு வெள்ளி.

வேணாம் என்று சொல்லத்தான் அவருக்கு ஆசை. மகள் திருப்பத்தூர் ஹாஸ்டலில் இருக்கிறாள், வீட்டில் ஒற்றை ஆளாக ரசத்தைக் கொதிக்க வைத்து, அதுவும் பொங்கி அடுப்பை அணைத்து, வெறுத்துப்போயிருந்தார். ஆனால் அந்த வார்த்தை தன் வாயால் வரக் கூடாது. அவளாக அலுத்துப்போய் இறங்கி வர வேண்டும். அதனால், "வண்டி சரியாவட்டும், வர்றேன்," என்று மூன்று மாதத்தை ஓட்டிவிட்டார்.

ராஜாக்கண்ணுவுக்கு இதெல்லாம் தெரியாது. ஆலங்காயம் பஸ் நிலையத்துக்குப் பின்னால் புளியமரத்தடியில் கொட்டகை போட்டு முப்பது வயதிலேயே பேர் வாங்கிவிட்டவன். அவன் வண்டியை ஸ்டாண்டில் போட்டு, மண்ணில் ஒரு ஆணியை நட்டு, பின் சக்கரத்தைச் சுற்றிவிட்டான். ஆணிக்கும் ரிம்முக்கும் நடுவே இருந்த இடைவெளி கூடவுமில்லை, குறையவுமில்லை. சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து அசைத்தான். கடப்பாரையைக் கொடுத்து எஞ்சினை நெம்பினான். பிறகு பூக்காரியிடம் வாங்கிய நூலைப் பின் டயரில் சுற்றி, இரண்டு பக்கமும் முன் சக்கரம் வரைக்கும் இழுத்துக் கட்டிவிட்டு, தரையில் குப்புறப் படுத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். செபாஸ்டியனும் குடையை மடக்கிவிட்டுக் குனிந்து பார்த்தார், என்ன பார்க்க வேண்டும் என்று தெரியாமலே.

"நூலு ரெண்டு பக்கமும் ஒண்ணாத்தான் கீது," என்றான் ராஜாக்கண்ணு, முழங்கையைத் தட்டிக்கொண்டே.

"அப்பறம் ஏன் இழுக்குது?"

ராஜாக்கண்ணு படிக்கல்லை எடுத்துக் கீழே வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினான். முந்தின நாள் மழையில் பஸ் நிலையத்து மண் ஊறிக் கிடந்தது. அதில் அந்தக் கோடிவரை போய்த் திரும்பினான், பாதி தூரம் கைப்பிடியை விட்டுவிட்டுக்கூட ஓட்டினான். ஈர மண்ணில் முன் சக்கரத்தின் தடத்தின் மேலேயே பின் சக்கரத்தின் தடம் போயிருந்தது. செபாஸ்டியனுக்கு எரிச்சலாக வந்தது. நோயாளியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும் அவன் எழுந்து உட்கார்ந்து பன் கேட்டால் வருமே, அந்த எரிச்சல்.

"இப்ப நீங்க ஓட்டுங்க சார்."

அவர் ஓட்டினார். இருபதடி போவதற்குள் வண்டி வலப்பக்கம் வாங்கி, கரும்புச்சாறு வண்டியை உரசப் பார்த்தது. ராஜாக்கண்ணு பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான். இன்னொரு தடவை ஓட்டச் சொன்னான். திரும்பி வந்தவரிடம், கையைத் துடைத்தபடி, கொஞ்சம் தயங்கிக் கேட்டான்.

"டீச்சரம்மா எந்தப் பக்கம் கால் போட்டுக் குந்துவாங்க சார்?"

"இடப்பக்கம்தான். எல்லாப் பொம்பளைங்களும் அப்பிடித்தான் குந்துவாங்க. அதுக்கு இன்னா இப்ப?"

"எத்தினி வருசம்?"

"பதினொண்ணு."

"சார், சக்கரம் நேராத்தான் கீது. நீங்கதான் சாஞ்சிகினு கீறீங்க. அவங்க பாரம் அவ்ளோவும் இடப்பக்கம். அதுக்கு ஈடா நீங்க பதினோரு வருசமா வலப்பக்கம் சாஞ்சே ஓட்டிக்கீறீங்க. டயரு அதுலதான் தேஞ்சிருக்குது. இப்ப அவங்க பின்னாடி இல்ல, நீங்க அப்பிடியேதான் குந்திகினு போறீங்க."

செபாஸ்டியனுக்கு முதலில் கோபம்தான் வந்தது. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது என்கிறாயா என்று கேட்க வாயெடுத்தார். கை தானாகக் காலிப் பின் சீட்டில் போய் நின்றது. ராஜாக்கண்ணு நல்ல பையன், படிக்கல்லைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

எழுபத்திமூன்றில், பங்குச் சாமியார் மாற்றலாகிப் போகும்போது செபாஸ்டியனிடம் விட்டுப்போன வண்டி அது. அன்றைக்கு ஆலங்காயத்தில் ஸ்கூட்டர் என்று இருந்ததே ஐந்தோ ஆறோதான். காலை எட்டே காலுக்கு அன்னமேரி ஏறி உட்காருவாள். மடியில் சாப்பாட்டுக் கூடை, ஒரு கை அவர் தோளில். வீட்டில் பேச நேரமில்லாததையெல்லாம் அவள் பள்ளிக்கூடம் வரைக்குமான அந்த ஏழு மைலில் பேசுவாள். பாதியைக் காற்று கொண்டுபோய்விடும். "ஆமா," "ம்," "பாக்கலாம்" என்று இவர் குத்துமதிப்பாகப் பதில் சொல்வார். எதற்கு ஆமா சொன்னோம் என்பது மாலையில் கடைக்குப் போகும்போதுதான் தெரியும். மாமியாருக்குப் புதுப் புடவை எடுத்தது அப்படித்தான், மகளை நர்சு படிப்புக்கு அனுப்பியதும் அப்படித்தான். மழைக்காலத்தில் அவள் குடையை விரித்து அவர் தலைக்குப் பிடிப்பாள், காற்றில் குடை மடங்கிக்கொள்ளும், இரண்டு பேரும் நனைந்து சிரித்துக்கொண்டே போய்ச் சேருவார்கள். அது எவ்வளவு சந்தோஷமான காலம் என்று அந்தப் புளியமரத்தடியில்தான் அவருக்கு உறைத்தது.

"கல்ல சொசைட்டியில குடுத்துடு," என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். சங்கத்துக்கும் போகவில்லை, வீட்டுக்கும் போகவில்லை.

மலைப்பாதை ஜீப் போகிற மண் ரோடு. முதல் கியரில் வண்டி முனகிக்கொண்டு ஏறியது. நேராக உட்கார வேண்டும் என்று நினைத்து நினைத்து உட்கார்ந்தாலும், நாலு வளைவு தாண்டுவதற்குள் உடம்பு தானாக வலப்பக்கம் போய்விடும். சாமை வயல்களைக் கடந்து அவர் போய்ச் சேர்ந்தபோது மத்தியானமாகிவிட்டது. ஓட்டுக் கூரை போட்ட இரண்டு அறைப் பள்ளிக்கூடம். வண்டியை நிறுத்துவதற்கு முன்னாலேயே அன்னமேரியின் சிரிப்பு கேட்டது. அவள் இப்படிச் சத்தமாகச் சிரித்து அவர் கேட்டு எத்தனையோ நாளாகியிருந்தது. ஏதோ ஒரு பிள்ளை தப்புத் தப்பாக வாய்ப்பாடு சொல்லியிருக்க வேண்டும், மொத்த வகுப்பும் சேர்ந்து சிரித்தது. அவருக்குப் பொறாமையாக இருந்தது. நாற்பதைத் தாண்டிய மனுஷர், ரெண்டாம் வகுப்புப் பிள்ளைகள் மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு வெயிலில் நின்றார்.

அவரைப் பார்த்ததும் அவள் சாக்பீஸ் கையோடு வெளியே வந்தாள். "வண்டி சரியாயிடுச்சா?"

"ஒக்காரு. ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

பெரிய பிள்ளை ஒருத்தியிடம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அவள் கைப்பையோடு ஏறி இடப்பக்கம் கால்போட்டு உட்கார்ந்தாள். தோளில் கை விழுந்தது. ஊற்று வரைக்கும் போகிற பாதையில் வண்டி பிடித்துவைத்த மாதிரி நேராகப் போனது.

"நல்லாத்தானே போவுது. சக்கரம் கோணல்னு சொன்னீங்க."

"நீ ஒக்காந்தா தெரியாது," என்றார். ஊற்றுக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி, ராஜாக்கண்ணு சொன்னதை ஒன்று விடாமல் சொன்னார். அவள் சிரிப்பாள் என்று நினைத்தார். சிரிக்கத்தான் ஆரம்பித்தாள், நடுவில் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பதினோரு வருசமாவா? ஒரு வார்த்த சொல்லலியே."

"எனக்கே இன்னிக்குத்தான் தெரியும்."

அவள் கைப்பையைத் திறந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்தாள். "எழுதியே வெச்சிருக்கேன். கையெழுத்துதான் பாக்கி. பாத்துட்டீங்கல்ல, சொல்லுங்க. போட்டுடட்டுமா?"

மூன்று மாதமாகக் காத்திருந்த கேள்வி. ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும், திங்கட்கிழமை முதல் வீட்டில் ரசம் ரசமாக இருக்கும். செபாஸ்டியன் தாளை வாங்கினார், பிரிக்கவில்லை, படிக்கவுமில்லை.

"உன்ன இங்க பாத்துட்டேன்," என்றார். "சனிக்கெழம சனிக்கெழம நான் மேல வர்றேன்."

"தனியா ஓட்டிகினா? அந்த வளைவுல எல்லாம் இழுக்குமே."

"இழுக்கட்டும்."

அவள் மறுபடி ஏறி உட்கார்ந்தாள். திரும்பப் பள்ளிக்கூடம் வருகிறவரை தோளில் இருந்த கை கொஞ்சம் அழுத்தமாக இருந்தது. இறங்கும்போது, "பாத்துப் போங்க," என்றாள், அவ்வளவுதான். அவர் சட்டைப்பையில் தாள் இருந்தது.

முதல் வளைவில் வண்டி வலப்பக்கம் வாங்கியது. பிரேக் போட்டுச் சமாளித்தார். அங்கே பாதை திரும்பிப் பள்ளிக்கூடத்துக்கு நேர் கீழாக வரும். ஏதோ கூச்சல் கேட்டு நிமிர்ந்து பார்த்தார். மேட்டின் ஓரத்தில் அன்னமேரி நின்று, பஸ்ஸைப் பின்னால் எடுக்கும்போது கண்டக்டர் காட்டுவாரே, அந்த மாதிரி கையை இடப்பக்கம் தள்ளித் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தாள். அவளைச் சுற்றி முப்பது நாற்பது பிள்ளைகள், என்ன ஏது என்று தெரியாமலே, தங்கள் சின்னக் கைகளையும் இடப்பக்கம், இடப்பக்கம் என்று தள்ளிக்கொண்டிருந்தார்கள்.