நான்கு மணிக் கோபுரம்

அந்தக் குடியிருப்பின் மின்சாரச் செலவைத் திரையில் காட்டும் இணையச் செயலியை அவள் எழுதி முடித்தபோது, அவளைவிட அவளுடைய அண்ணனுக்குத்தான் தலைகால் புரியவில்லை. நூற்றிருபது வீடுகள் கொண்ட அந்தக் கட்டடத்துக்குப் பதினெட்டு வருடமாக எலக்ட்ரீஷியன் அவர். "என் தங்கச்சி செஞ்சது" என்று லிஃப்டில் ஏறுகிறவர்களை எல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு போனில் காட்டினார். மூன்றாம் மாடிக்காரர்கள் பாவம், ஒன்பதாம் மாடி வரை போய்த் திரும்பினார்கள்.

இந்தக் கொண்டாட்டம் பத்து நாள்தான். பதினோராம் நாள் குடியிருப்புச் செயலாளர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். மேசையில் அவளுடைய வரைபடம். மாடிப்படி விளக்குகளுக்கும் தண்ணீர் மோட்டாருக்குமான பொது ஸ்மார்ட் மீட்டரில், தினமும் மாலை நான்கு மணிக்குக் கோடு கோபுரம் மாதிரி எழும்பி நின்றது. பக்கத்தில் கேமராப் படங்கள். தினமும் அதே நான்கு மணிக்கு அண்ணன் மீட்டர் அறையின் இரும்புக் கதவைத் திறந்து உள்ளே போகிறார்.

"என்னம்மா, உங்கண்ணன் உள்ள வெல்டிங் பட்டறை நடத்துறாரா? நாளைக்கு ஆறு மணிக்குக் கமிட்டி கூடுது. அதோட அவர் வேலை முடிஞ்சுது" என்றார் செயலாளர்.

அண்ணனுக்கு எதிரான சாட்சியை அவளே உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறாள்!

நேரே அண்ணன் வீட்டுக்குப் போய்ச் செயலாளர் காட்டியதையெல்லாம் சொன்னாள்.

"அண்ணா, உண்மையச் சொல்லு. நாலு மணிக்கு உள்ள என்ன பண்ற?"

"சீல் எல்லாம் சரியா இருக்கான்னு பாப்பேன். பூட்டிட்டு வந்துடுவேன். அஞ்சு நிமிஷம்."

"வேற ஒண்ணுமில்லையே?"

அவர் அவளையே பார்த்தார். "இல்ல பாப்பா."

இப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று அந்த நொடியே தோன்றியது. ஆனால் கேட்டாகிவிட்டது.

மறுநாள் நான்கு மணிக்கு அவளும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழ்த்தளத்துக்குப் போனாள். மீட்டர் அனுப்பும் அளவுகள் வந்து விழும் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டாள். ஓர் அசைவும் இல்லை. அண்ணன் பூட்டைத் திறந்து இரும்புக் கதவைத் தள்ளினார். உள்ளே கால்கூட வைக்கவில்லை, திரையில் மடமடவென்று வரிகள் கொட்ட ஆரம்பித்தன.

"அங்கேயே நில்லு! எதையும் தொடாத!" என்று கத்தினாள்.

"நான் எங்க தொட்டேன்?" என்று அவர் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

ஒவ்வொரு வரியிலும் இரண்டு நேரங்கள் இருந்தன. மீட்டர் அளந்த நேரம் ஒன்று, அந்த அளவு வந்து சேர்ந்த நேரம் ஒன்று. வந்து சேர்ந்தது எல்லாமே நான்கு மணிக்கு. அளந்ததோ நேற்று மாலையிலிருந்து அரைமணிக்கு ஒன்றாக! கதவு சாத்தியிருந்தால் சிக்னல் வெளியே போவதில்லை. மீட்டர் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு, அண்ணன் கதவைத் திறந்ததும் மொத்தமாக அனுப்புகிறது. அளவுகள் வந்து சேர்ந்த நேரத்தை வைத்து அவள் கோடு போட்டிருந்தாள். ராத்திரி முழுக்க மாடிப்படி விளக்கு எரிகிறதே, கோடு ஏன் தரையோடு கிடக்கிறது என்று செயலாளரும் கேட்கவில்லை, இந்த மகராசியும் கேட்கவில்லை. கோபுரத்தைப் பார்ப்பதிலேயே எல்லோருக்கும் கண் போயிருந்தது.

அங்கேயே தரையில் உட்கார்ந்து செயலியின் நிரலில் ஒரே ஒரு வரியை மாற்றினாள். கோபுரம் சரிந்தது. காலையிலும் மாலையிலும் மோட்டார் ஓடும் நேரத்தில் சின்ன மேடுகள், ராத்திரி முழுக்க விளக்குகளின் சமமான கோடு. நான்கு மணியில் ஒன்றுமே இல்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கமிட்டியில் "தப்பு என்னுது" என்று எழுந்து நின்று சொன்னாள். அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் அதைவிட நிம்மதி பெரிதாக இருந்தது. செயலாளர் கேமராப் படங்களை உறைக்குள் போட்டுவிட்டு, "சரி, நாளைக்கு வழக்கம்போல வேலைக்கு வந்துடுங்க" என்று அண்ணனிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணன் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"நேத்துலேருந்து சோறு இறங்கல பாப்பா. எந்த வயரை எங்க மாத்திக் குடுத்துத் தொலைச்சேன்னு யோசிச்சு யோசிச்சு மண்டை காஞ்சு போச்சு."

"அதுக்கு, உன் ஆப்தான் தப்புன்னு என்கிட்ட சண்டைக்கு வந்திருக்கலாமே அண்ணா?"

அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நீ எழுதுனதுல தப்பு இருக்கும்னு எனக்குத் தோணவே இல்லையே!"