பதில் பாதி

அண்ணன் எக்கார்ட்டை அடக்கம் செய்துவிட்டு வந்த கையோடு, ரோஸ்விதா சமையலறையில் நின்று கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். துக்க வீட்டுக் காப்பிக்கென்று சுட்டது. மாவும் வெண்ணெயும் பிசறி மேலே தூவியிருந்தார்கள். கத்தி பட்டாலே உதிர்ந்தது. போய் உட்கார்ந்தால் யாராவது எக்கார்ட்டைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். ஒன்பது வருஷமாக முகம் பார்க்காதவனைப் பற்றி அவள் என்னத்தைச் சொல்வது?

எல்லாம் பெற்றோரின் கல்லறையால் வந்தது. அங்கே கல்லறை நிலம் குத்தகைக்குத்தான். காலம் முடிந்ததும் எக்கார்ட் இவளை ஒரு வார்த்தை கேட்காமல், புதுப்பிக்காமல் அதைக் கைவிட்டுவிட்டான். பூச்செடியோடு போய் நின்றவளுக்கு வெறும் புல்தரைதான் மிஞ்சியது. அன்றைக்கு நின்றுபோன பேச்சு.

இரண்டு வருஷம் கழித்து அவளேதான் இறங்கி வந்தாள். எக்கார்ட்டுக்குப் பழைய வாழ்த்து அட்டைப் பைத்தியம். ஊர்ப்படம் போட்டு ‘இங்கிருந்து வாழ்த்துகள்’ என்று அச்சடித்த நூறு வருஷத்து அட்டைகள். எந்தத் தபால் நிலைய முத்திரை, எந்த ரயிலில் போனது என்று ஆரம்பித்தால் தட்டில் சூப் ஆறிப்போகும். அவன் ஆயுசெல்லாம் தேடியது இரட்டை அட்டை. ஒரு பாதியில் செய்தி இருக்கும். ஒட்டியிருக்கும் மறுபாதியைக் கிழித்துப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். அட்டை கிடைத்தவர்களெல்லாம் கிழித்து அனுப்பிவிட்டதால் முழுசாகக் கிடைப்பது அபூர்வம். பழம்பொருள் சந்தையில் அப்படி ஒன்று, எதுவும் எழுதாதது, அவள் கண்ணில் பட்டது. ‘என் அறுபதாவது பிறந்தநாளுக்கு வருவாயா? இதிலேயே பதில் போடு’ என்று எழுதி, மறுபாதியில் தன் விலாசமும் எழுதித் தபால்தலையும் ஒட்டி அனுப்பினாள்.

பதில் வரவே இல்லை. பிறந்தநாளன்று அவனுக்கென்று போட்டிருந்த நாற்காலியில் யாரோ கோட்டைக் கழற்றிப் போட்டார்கள்.

“ரோஸ்வி, கேக் போதும். இங்க வா,” என்று அண்ணி கெர்லிண்டெ கூடத்திலிருந்து கூப்பிட்டாள். “உன் அட்டைய நீயே எடுத்துட்டுப் போ.”

கூடத்து மேஜையில் ஆல்பத்தை விரித்து வைத்திருந்தவர் ஓட்மார், எக்கார்ட்டின் அட்டை சேகரிப்புக் கூட்டாளி.

“உங்க அட்டைதாம்மா எங்க சங்கத்துல பெரிய பேச்சு. ‘என் தங்கச்சி அனுப்பினது, பாத்து நல்லா வயிறெரிங்கடா’ன்னு எல்லார்கிட்டயும் காட்டுவான்.”

“ஊருக்கெல்லாம் காட்டத் தெரிஞ்சுது. எனக்கு ரெண்டு வரி எழுதத்தான் கை வரலையாக்கும்,” என்றாள் ரோஸ்விதா.

“எழுதணும்னுதான் மேஜை மேலயே வச்சிருந்தாரு,” என்றாள் கெர்லிண்டெ. “வேற அட்டையில எழுதிப் போடுங்களேன்னேன். ‘இதுலதான் எழுதச் சொல்லியிருக்கா, மாத்தினா அதுக்கும் சண்டைக்கு வருவா’ன்னாரு. கிழிக்கவும் மனசு வரல. அதுக்குள்ள உன் பொறந்தநாளும் போயிடுச்சு. அப்புறம் வெக்கம்.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?”

“பண்ணியிருந்தா நீ எடுத்திருப்பியா?”

எடுத்திருக்க மாட்டாள். அது இருவருக்கும் தெரியும்.

ஓட்மார் அட்டையை உறையிலிருந்து உருவி, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். “அடடா! மடிப்புல கிழிஞ்சிருக்கே. நகத்தளவுதான். பின்னால மெல்லிசுத் தாள் வச்சு ஒட்டியிருக்கு. சேதமானத எக்கார்ட் தொடவே மாட்டானே?”

“நான் அனுப்பினப்போ கிழிசல் இல்ல,” என்றாள் ரோஸ்விதா. “நல்லா பாத்துத்தான் வாங்கினேன்.”

கெர்லிண்டெ காலிக் கோப்பையில் கரண்டியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவன் உயிராய் நினைத்த பொருளைத் தேடிப் பிடித்துக் கொடுத்து, அதையே கிழிக்கச் சொன்னது தான்தான் என்பது ரோஸ்விதாவுக்கு இப்போதுதான் உறைத்தது.

ஓட்மார் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டார். “இனிமே முழுசா இருந்தும் பெரிசா மதிப்பில்லம்மா. நீங்க எழுதின பாதியத் தனியா கிழிச்சுத் தரட்டுமா?” என்று மடிப்பில் விரலை வைத்தார்.

“கிழிக்காதீங்க!”

பக்கத்து அறையில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அட்டையை வாங்கி மடிமேல் வைத்துக்கொண்டாள். பதில் பாதியில் அவள் கையெழுத்தில் அவள் விலாசம், முத்திரை படாத தபால்தலை. திருப்பினால் வெற்றிடம். அவள் விரலிலிருந்து ஒரு கேக் துணுக்கு மடிப்புக்குள் விழுந்திருந்தது. கை படாமல், குனிந்து மெல்ல ஊதினாள்.