பஸ்ரியன் கையால் மறைத்த முத்தம்

அறுபத்தோராம் ஆண்டு தை மாதத்துக்குப் பிறகு மன்னாரில் மண்டை உடைந்தவர்களுக்கு இரத்தம் கறுப்பாக வந்தது. முதலில் வந்தது மஹ்மூதுக்கு. சினிமாக் கொட்டகைக்கு எதிரே இருந்த தேத்தண்ணிக் கடையில் ஒருவன் கதிரையைத் தூக்கி அவர் தலையில் போட்டான். கணவாய் மை போன்ற ஒன்று காதோரமாக வழிந்து சட்டையை நனைத்தது. ஆஸ்பத்திரியில் பஞ்சால் துடைத்துத் தையல் போட்டார்கள். காயத்தைச் சுற்றியிருந்த தோல் சாம்பல் நிறமாகி அப்படியே நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அவர் அரிசி மூட்டை தூக்கினார், பிள்ளைகள் பெற்றார், ஆகவே யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. அந்த மாதம் பாரை மீன் விலை ஏறியதுதான் ஊரில் பெரிய பேச்சு.

சண்டைக்குக் காரணம் ஓர் அமெரிக்கப் படம். கறுப்பு வெள்ளைப் படம், ஒரேயொரு சனிக்கிழமை மட்டும் ஓடியது. கணவன் கப்பலோடு மூழ்கிப்போனான் என்று நம்பி அழுது முடித்த ஒரு பெண், பியானோ வாத்தியார் ஒருவரைக் கலியாணம் செய்ய இருக்கிறாள். கணவன் திரும்பி வருகிறான். கடைசிக் காட்சியில் புகையிரத நிலையத்தில் பனி கொட்டுகிறது. கணவன் ஒரு பக்கம், வாத்தியார் மறுபக்கம், இருவருக்கும் ஒரே மாதிரித் தொப்பி, ஒரே மாதிரி நீளக் கோட்டு. அவள் ஓடுகிறாள். அந்த இடத்தில்தான் பஸ்ரியன் கையை வைத்தான்.

பஸ்ரியன் படம் ஓட்டுகிறவன், பக்தியுள்ள மனிதன். முத்தக் காட்சி வந்தால் லென்சைக் கையால் மறைக்க வேண்டும் என்பது கொட்டகை திறந்த நாளிலேயே பங்குச் சுவாமியும் பள்ளிவாசல் பெரியவர்களும் போட்ட நிபந்தனை. இரண்டு பக்கமும் ஒரு வார்த்தை மாறாமல் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான். பஸ்ரியன் கையை வைத்ததும் தன் கண்களையும் மூடிக்கொண்டு ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லுவான். செபம் முடியக் கையை எடுப்பான். எந்த நாட்டு முத்தத்துக்கும் அது போதுமாக இருந்தது. ஆனால் அன்று அவனுக்கு அந்தப் பெண்ணில் இரக்கம் வந்து செபம் நீண்டுபோனது. கையை எடுத்தபோது ரயில் போய்க்கொண்டிருந்தது. யன்னலில் அவளும் தொப்பிக்காரன் ஒருவனும் தெரிந்தார்கள். தொப்பிக்காரனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. மறுநாள் காலை படப்பெட்டி கொழும்புக்குப் போய், அங்கே ஒரு களஞ்சியத்தில் எரிந்தது.

வேறு ஊராக இருந்தால் இரண்டு நாள் வாய்ச்சண்டையோடு முடிந்திருக்கும். மன்னாரில் அன்ரோனெற் இருந்தாள். அவளுடைய புருஷன் லோறன்ஸ் ஆறு வருடங்களுக்கு முன் இந்தியக் கரைக்கு வள்ளத்தில் போனவன், வரவில்லை. செத்தான் என்று ஆன்ம இளைப்பாற்றிப் பூசையும் வைத்தாயிற்று. அவளை அமிர்தநாயகத்துக்குக் கட்டிக்கொடுக்கப் பேசி, கோயிலில் இரண்டு ஞாயிறு கலியாண அறிவிப்பு ஓலை வாசித்துவிட்டார்கள். அமிர்தநாயகம் கருவாட்டு வியாபாரி, அதிர்ந்து பேசாதவர். அதுவரை ஊரில் ஒருவருக்கும் இந்தக் கலியாணத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. படம் ஓடிய மறுநாள் மூன்றாவது ஓலையை வாசித்து, தடை இருந்தால் சொல்லும்படி சுவாமியார் கேட்டபோது கோயிலில் பாதிப்பேர் எழுந்து நின்றார்கள்.

அன்றைக்கே ஊர் இரண்டாகியது. அவள் கணவனோடுதான் போனாள் என்றவர்கள் புருஷன் கட்சி, மற்றவர்கள் வாத்தியார் கட்சி. வேதக்காரர், முஸ்லிம் என்ற வித்தியாசம் இதில் பார்க்கப்படவில்லை. முசலியில் ஒரு மாப்பிள்ளை மாமனாரின் காதை அறுத்தான். கட்டுக்கரைக் குளத்தில் வயலுக்குத் தண்ணீர் திறக்கும் நாளில் ஒரு கமக்காரனின் தலையை வாய்க்காலுக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வாத்தியார் என்று சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். அவன் புருஷன் என்று குமிழி விட்டபடியே செத்துப்போனான். மீன் சந்தையில் துடுப்புகள் முறிந்தன. பஸ்ரியனைப் பிடித்து, கைக்குப் பின்னால் என்ன நடந்தது என்று இரண்டு கட்சியும் முறைவைத்துக் கேட்டன. தான் கண்ணை மூடியிருந்ததாக அவன் சத்தியம் செய்தான். ஒவ்வொரு சத்தியத்துக்கும் ஒரு விரலை முறித்தார்கள். மன்னாரில் கழுதைகள் மட்டும்தான் கட்சி சேரவில்லை.

எல்லாக் காயமும் கறுப்பாகவே வடிந்தது. பிறகு பிறகு சண்டைக்குப் போனவனுக்கு முள் குத்தினாலும் கறுப்பு, சவரக்கத்தி பட்டாலும் கறுப்பு. அந்த வருடம் பிறந்த குழந்தைகளுக்கும் அப்படித்தான். வெள்ளைச் சட்டையில் கறை போகாது என்று பெண்கள் சலித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் நடுவில் அன்ரோனெற் வீட்டுக்குள்ளேயே இருந்தாள். முதல் ஓலை வாசித்த பிறகு கலியாணம் முடியும்வரை பெண் வாசற்படலை தாண்டக்கூடாது. இரண்டு கட்சியும் கலியாணத்தை நடக்கவும் விடவில்லை, ஓலையைத் திருப்பி எடுக்கவும் விடவில்லை. ஒன்றேகால் வருடம் அவள் உள்ளே கிடந்தாள். ஊர் முழுக்க அவளுக்காகச் சாகத் தயாராக இருந்தது. அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்க ஒரு நாய்கூட அந்த வாசலுக்கு வரவில்லை. அடுத்த வீட்டு உம்மு குல்சூம் மட்டும் வேலிக்கு மேலால் மீனும் செய்தியும் கொடுப்பாள்.

அடுத்த வருடம் சித்திரையில் லோறன்ஸ் கப்பலில் வந்து இறங்கினான். இந்தியாவில் பொலிசில் பிடிபட்டு மறியலில் இருந்தானாம், பிறகு வெட்கத்தில் வராமல் இருந்தானாம். புருஷன் கட்சி அவனைத் தோளில் தூக்கிவந்து, கையில் மீன் வெட்டும் கத்தியையும் கொடுத்து, அன்ரோனெற்றின் படலையில் இறக்கியது. வாத்தியார் கட்சி அமிர்தநாயகத்தை இழுத்துவந்து ஒரு துடுப்பைக் கொடுத்தது. பட்டப்பகல். மரங்களில்கூட ஆட்கள் ஏறியிருந்தார்கள். கொட்டகையில் பார்க்கக் கிடைக்காததை இன்றைக்காவது பார்த்துவிடலாம் என்பதுதான் எல்லோருக்கும் ஆசை.

"வெளியில வா பிள்ளை," என்று மஹ்மூது கத்தினார். "ஆரோட போறாய் எண்டு சொல்லு. நாங்கள் அறியவேணும்."

அதற்குள் துடுப்பு லோறன்ஸின் தோளில் விழுந்தது. அவன் கத்தியை ஓங்கிப் பாய்ந்தான். படலையைத் திறந்துகொண்டு வந்த அன்ரோனெற் இருவருக்கும் நடுவில் நடந்தாள். அமிர்தநாயகத்துக்கு ஓங்கிய கத்தி அவளுடைய தோள்பட்டைக்குக் கீழே இறங்கியது.

இரத்தம் சிவப்பாக வந்தது. சட்டை சிவந்தது, மணல் சிவந்தது. ஒன்றேகால் வருடமாக அந்த நிறத்தைப் பார்க்காத சனம் பின்னுக்குப் போனது. ஒரு பெண் மயங்கி விழுந்தாள். மரத்தில் இருந்தவர்கள் சத்தமில்லாமல் இறங்கினார்கள். லோறன்ஸ் தன் கையை முகர்ந்து பார்த்துவிட்டு வாந்தி எடுத்தான்.

அவள் பிழைத்தாள். கத்தியால் குத்தியவன்மேல் வழக்கு வைக்கவும் அவள் சம்மதிக்கவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்காரக்கூடிய அன்று இரண்டு பேரையும் கூப்பிட்டனுப்பினாள். முதலில் லோறன்ஸ் வந்து தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"இஞ்சேருங்கோ, அந்தப் படத்தில அவள் ஆரோட போனவள்?" என்று கேட்டாள்.

படம் ஓடிய காலத்தில் மறியலில் இருந்தவன் அவன். என்றாலும் யோசிக்கவில்லை. "புருஷனோட," என்றான்.

"சரி. நீங்கள் போங்கோ."

பிறகு அமிர்தநாயகம் வந்தார். சண்டைக் காயங்களால் முகத்தில் பாதி சாம்பல். அவள் அதையே கேட்டாள். அவர் வெகுநேரம் கட்டில் சட்டத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பொய் சொல்ல மனம் வரவில்லைப்போலும்.

"வாத்தியாரோடதான், அன்ரோனெற். நான் என்ர கண்ணால..."

"சரி. நீங்களும் போங்கோ," என்றாள் அவள். அவர் போகவில்லை, ஏன் என்று கேட்டார். அவளுக்குக் கண் கலங்கியது. அவரில் அவளுக்கு விருப்பம் இருந்தது. "நான் அந்தப் படம் பாக்கேல்லை," என்றாள்.

வீட்டுக்கு வந்த நாள் தொட்டு அவள் ஓலையையும் மதிக்கவில்லை, படலையையும் மதிக்கவில்லை. சந்தையில் மீன் வெட்டிக் கொடுக்க உட்கார்ந்து முப்பது வருடம் அதிலேயே சீவித்தாள். லோறன்ஸும் அமிர்தநாயகமும் முறைவைத்து அவளிடம் மீன் வெட்டிக்கொண்டு போவார்கள். மன்னாரில் படத்தைப் பற்றிய வாக்குவாதமும் நிற்கவில்லை, மண்டைகளும் இடைக்கிடை உடைந்துகொண்டுதான் இருந்தன. சில நாட்களில் கத்தி தவறி அன்ரோனெற்றின் விரலில் படும். பலகையில் சிவப்பாக ஒரு துளி விழும். புதிதாக வந்தவர்கள் திடுக்கிட்டால், அவளுக்கு அப்படித்தான் வரும், பயப்பட வேண்டாம் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்லிக்கொடுப்பார்கள்.