கடினமான முடிவு ஒன்று தேவை

"இதுவரைக்கும் நீங்க எடுத்ததிலேயே கடினமான முடிவு எதும்மா?" என்று பேராசிரியர் ஒருநாள் வகுப்பில் பெரியவளைக் கேட்டார்.

வீட்டின் இரண்டு பெண்களில் மூத்தவளான பெரியவள் எழுந்து நின்றாள். ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்துக்கு அவள்தான் மேலாளர். படுக்கை விரிப்பும் தலையணை உறையும் மலைமலையாக வந்து விழும். வெளுத்து, உலர்த்தி, மடித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். அதில் முடிவெடுக்க என்ன இருக்கிறது?

"சோப்புத்தூள் கம்பெனியை மாத்தினேன் சார்."

"கறை போச்சா?" என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். வகுப்பே சிரித்தது. பேராசிரியரும் குனிந்து சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவள் காதுக்குள் குடியேறிவிட்டது. வேலைக்கும் போய்க்கொண்டு, வார இறுதி வகுப்புகளில் உட்கார்ந்து மேலாண்மையில் முதுகலைப் பட்டத்தை ஏறக்குறைய முடித்துவிட்டாள். மிச்சமிருந்தது ஒரே ஒரு கட்டுரை. இந்தப் படிப்பு தன்னை எப்படித் தலைவராக வளர்த்தது என்று எழுத வேண்டும். அதில் கடினமான முடிவு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கூடப் படித்தவர்களெல்லாம் கொடுத்துவைத்தவர்கள். ஒருவர் ஒரு கிளையையே இழுத்து மூடியிருந்தார். இன்னொருவர் சொந்த மைத்துனரை வேலையைவிட்டுத் தூக்கியிருந்தார். அந்தக் கட்டுரையைப் பேராசிரியர் வகுப்பில் வாசித்தே காட்டினார். "சொந்தம்னு பார்க்கலை பாருங்க, அங்கதான் ஒரு தலைவர் பிறக்கிறார்."

பெரியவளுக்கு வயிறு எரிந்தது.

"எனக்கு மட்டும் ஒண்ணும் வாய்க்க மாட்டேங்குதே" என்று வீட்டில் புலம்பினாள்.

"என்னை டிஸ்மிஸ் பண்ணிடேன். சந்தோஷமாப் போயிடறேன்" என்றான் கணவன்.

"விளையாடாதீங்க."

"அப்போ உன் தங்கச்சியை அனுப்பு. அவதானே உன்கிட்ட வேலை பார்க்கிறா?"

சொல்லிவிட்டு அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டா இத்தனை நாள் நெய்க்கு அலைந்தோம் என்று யோசித்தாள்.

தங்கை சின்னவள் அதே சலவைக்கூடத்தில் விரிப்பு மடிக்கிற மேசையில் வேலை பார்த்தாள். அவள் புருஷன் மூட்டை தூக்கப் போய் முதுகு பிடித்துப் படுத்ததிலிருந்து அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பெரிந்தது. கொஞ்ச நாளாக வேலைக்குத் தாமதமாக வந்துகொண்டிருந்தாள். காரணம் பெரியவளுக்குத் தெரியாததல்ல. காலையில் தான் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று, மகளைக் குளிப்பாட்டித் தலைவாரிப் பள்ளியில் விடுகிற வேலையைத் தங்கை தலையில் கட்டியவளே அவள்தான். "சித்தி வந்தாத்தான் நகருவேங்கிறாடி" என்று தேன் ஒழுகப் பேசித்தான் கட்டினாள்.

இருந்தாலும், தாமதம் தாமதம்தானே?

மறுநாள் சின்னவளைத் தன் அறைக்கு வரச் சொன்னாள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உலர்த்தும் எந்திரங்கள் இரைந்துகொண்டிருந்தன.

"உட்காருங்க" என்றாள் பெரியவள்.

சின்னவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறந்ததிலிருந்து 'ஏய்', 'வாடி', 'சனியனே' தவிர அக்கா வாயிலிருந்து அவளுக்கு வேறெதுவும் கிடைத்ததில்லை.

"உத்தரவு மேடம்" என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். "என்னக்கா, பரீட்சைக்கு ஒத்திகையா?"

பெரியவளுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. அடக்கிக்கொண்டாள். ஒருவரை அனுப்பும்போது மரியாதை குறையக் கூடாது என்று படித்திருந்தாள்.

"உங்க உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனா நீங்க தொடர்ந்து லேட்டா வர்றீங்க. மத்தவங்களுக்கு அது தப்பான உதாரணம். அதனால இன்னையோட உங்களை வேலையிலேர்ந்து விடுவிக்கிறோம்."

"நல்லாத்தான் பேசறே. யாருக்கா அந்தப் பாவம்?"

"நீங்கதான்."

சின்னவள் முகத்திலிருந்த சிரிப்பு, போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

"அக்கா... பாப்பாவை ஸ்கூல்ல விட்டுட்டு வர்றதாலதானே..."

"அது வீட்டு விஷயம். வீட்டையும் வேலையையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாது."

"அவரு எந்திரிச்சு நடக்கவே மாசக்கணக்காகும்னுட்டாங்க. உனக்குத் தெரியாதா? நான் ஓடி வந்தாவது நேரத்துக்கு வந்துடறேன். திட்டுக்கா. வேணும்னா நாலு அறை விடு. இப்படிப் பேசாதக்கா, பயமா இருக்கு."

பெரியவளுக்கு நெஞ்சைப் பிசைந்தது. அந்தப் பிசைவுக்கு அடியிலேயே ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. வலிக்கிறதே, அப்படியென்றால் இது கடினமான முடிவுதான். சோப்புத்தூளை மாற்றியபோது இப்படி வலிக்கவில்லை.

"உங்க உணர்வு எனக்குப் புரியுது" என்றாள்.

சின்னவள் புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, பழக்க தோஷம், கேட்டுவிட்டாள்.

"அப்போ நாளைக்குப் பாப்பாவை யாரு விடறது?"

"அதான் இனிமே உனக்கு நேரம் இருக்கேடி" என்றாள் பெரியவள். கேட்டது வீட்டு விஷயமானதால் 'டி' தானாக வந்துவிட்டது. உடனே நிமிர்ந்து உட்கார்ந்து குரலைச் சரிசெய்துகொண்டாள்.

"கடைசியா ஒண்ணு." பேனாவைத் திறந்தாள். பாதிக்கப்பட்டவர் தரப்பையும் கட்டுரையில் எழுத வேண்டும். அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. "இந்த முடிவைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க? மனசுல இருக்கிறதை அப்படியே சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன். பேரெல்லாம் போட மாட்டேன்."

சின்னவள் பேனா முனையைப் பார்த்தாள். எழுந்தாள். கதவைத் திறந்ததும் எந்திரங்களின் இரைச்சல் அறைக்குள் பாய்ந்தது.

"ஒரே ஒரு வார்த்தையிலயாவது சொல்லுங்க!" என்று பெரியவள் இரைச்சலுக்கு மேல் கத்தினாள்.

சின்னவள் மடிப்பு மேசைகளைக் கடந்து வெளியே போனாள்.