கட்டிலின் இடது பாதியில் பனி

இன்றைய தேதியில் உலகத்தில் உள்ள எந்த அரசாங்கத்துக்கும் தன்னை மூன்று மாதத்துக்கு மேல் காக்கவைக்கும் திராணி கிடையாது என்று லிஃப்ட் மெக்கானிக் உறவினர்கள் முன்னிலையில் அறிவித்தான். நான்காவது மாதம் பிறந்த அன்று சாயங்காலம் அவனுடைய கட்டிலின் இடது பாதியில் பனி பெய்யத் தொடங்கியது. மின்விசிறிக்குச் சற்றுக் கீழே எங்கிருந்தோ உண்டாகி, எந்த அவசரமும் இல்லாமல் இறங்கி, அவன் மனைவியின் தலையணைமேல் விழுந்தது. அவனுடைய தலையணை தொடங்கும் இடம் வந்ததும், யாரோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நின்றுகொண்டது. வலது பாதியில் வழக்கம்போல் வியர்த்தது.

மனைவி பல் செட் செய்பவள். வயதானவர்கள் அதிகமாகவும் பற்கள் குறைவாகவும் இருந்த ஒரு குளிர் நாட்டில் அவளுக்கு வேலை கிடைத்தது. கல்யாணப் பந்தல் பிரித்த கையோடு அவள் முன்னால் போவது, போனதும் கணவனுக்கு விசா போடுவது, அவன் பின்னாலேயே வருவது என்று ஏற்பாடு. வழியனுப்ப வந்தவர்களில் அவளுடைய அக்கா கணவரும் இருந்தார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். தினம் காலையில் தன் மனைவி வேலைக்குக் கிளம்புமுன் வாசலைப் பெருக்கி, குப்பையை வலது மூலையில் கோபுரமாகக் குவித்துவிட்டுத்தான் பல் தேய்ப்பார். அவர் பாட்டுக்கு, "தம்பி, எதுக்கும் ஒரு ரெண்டு வருஷம்னு மனசுல வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டார். மெக்கானிக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி சிரித்தான். "சகலை, பொண்டாட்டிக்கு வாசல் பெருக்கிப் பெருக்கியே நீங்க பொறுமைசாலி ஆயிட்டீங்க. நான் மெஷின் ஆளு. பட்டனை அழுத்தினா வந்தாகணும். மூணு மாசம். எழுதி வச்சுக்கங்க." சகலை எழுதி வைத்துக்கொள்ளவில்லை. தெரு எழுதி வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவனுக்கு மூணு மாசம் என்றே பெயர் ஆகிவிட்டது. ஒருநாள் லிஃப்ட் பார்க்கப் போன ஸ்கேன் சென்டரில் யாரோ தெரிந்தவர் "மூணு மாசம், இங்க வாப்பா" என்று கூப்பிட, வரிசையில் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள்.

விசா அலுவலகத்தின் இணையதளத்தில் அவனுடைய விண்ணப்பத்துக்கு எதிரே 'பரிசீலனையில் உள்ளது, தயவுசெய்து பொறுத்திருக்கவும்' என்று ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பார்த்தால் அவனுக்கு ஏனோ சொந்தக்காரனைப் பார்த்ததுபோல் இருக்கும். காரணம் இல்லாமல் இல்லை. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளிருந்து கதவைத் தட்டி "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டால், தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அவன் சொல்லி வந்த பதில் ஒன்றுதான்: "ரெண்டே நிமிஷம்." மோட்டார் புகைந்து கிடந்தாலும் ரெண்டே நிமிஷம், கதவு சென்சார் செத்து வேறு ஊரிலிருந்து வர வேண்டியிருந்தாலும் ரெண்டே நிமிஷம். உள்ளே இருப்பவர்கள் நம்புவார்கள். அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. மனைவி போனில் எப்போது வருவாய் என்று கேட்கும்போது அவன் "ரெண்டே மாசம்" என்று சொல்லக் கற்றுக்கொண்டதும் இந்த அனுபவத்தில்தான்.

பனியைப் பற்றி முதலில் கவலைப்பட்டது கீழ்வீட்டில் இருந்த ஹவுஸ் ஓனர் அம்மாள். வாடகை ஒப்பந்தத்தைக் கொண்டுவந்து கட்டில் அருகிலேயே நின்று முழுவதும் படித்துப் பார்த்தார். நாய் கூடாது, சுவரில் ஆணி கூடாது என்று இருந்ததே தவிர பனியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சரி, பெய்யட்டும். ஆனா அப்பப்ப பெருக்கித் தள்ளிடுப்பா. எங்க சீலிங் ஊறிப் போகும்" என்றார். அவன் முடியவே முடியாது என்றான். வேண்டுமானால் தார்ப்பாய் வாங்கி விரிப்பான், பெருக்க மாட்டான். பெருக்கினால், காத்திருக்கச் சம்மதித்துவிட்டதாக ஆகிவிடும். காத்திருக்க ஆரம்பித்தவன் அப்புறம் அதையே உத்தியோகமாகப் பார்க்க வேண்டியதுதான். தன்னிடம் விளக்குமாறு கொடுத்து உட்காரவைக்க அந்த நாடு செய்யும் சூழ்ச்சி இது. விசா வந்தால் பனி தானாக நின்றுவிடும். இப்படி விளக்கம் சொல்லிவிட்டு அவன் பாயைச் சுருட்டிக்கொண்டு ஹாலில் போய்ப் படுத்தான். ஹவுஸ் ஓனர் அம்மாள் மின்சாரம் போகும் நாட்களில் பால் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து பனிக்குள் செருகி வைத்துவிட்டுப் போனார். மேல்வீட்டுப் பையன் பந்தாட்டத்தில் கணுக்கால் பிசகி வந்து, கட்டிலில் காலை மட்டும் நீட்டியபடி ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். வீங்கியது வற்றிவிட்டது.

விசா வேலை இதற்கிடையில் அதன் போக்கில் நடந்தது. கல்யாண ஆல்பம் திரும்பி வந்தது. ஒரு படத்தில்கூட மணமக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை, எல்லாப் படத்திலும் வீடியோக்காரரையே பார்க்கிறார்கள் என்று காரணம். மருத்துவப் பரிசோதனையில் நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இடது பக்கம் லேசாப் பெய்யுது. நின்னதும் வாங்க" என்று அனுப்பிவிட்டார். நின்றபோது போலீஸ் சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. அதைப் புதுப்பித்தபோது எக்ஸ்ரே காலாவதியாகியிருந்தது. ஒன்று உயிரோடு இருக்கும்போது மற்றது செத்துக் கிடந்தது. இரண்டையும் ஒரே நாளில் உயிரோடு பார்த்தவர் அந்த அலுவலகத்தில் யாரும் இல்லை.

ஒருவழியாக நேர்காணல் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்கும் பெண். இது நிஜமான கல்யாணம்தானா என்பது அதிகாரியின் கவலை. கட்டிலில் உங்கள் மனைவி எந்தப் பக்கம் படுப்பார் என்று கேட்டார். "பனி பெய்யற பக்கம்" என்றான். "சார், இடமா வலமா, அதை மட்டும் சொல்லுங்க" என்றாள் மொழிபெயர்க்கும் பெண். அவன் வாயால் சொல்லிக்கொண்டிருக்க விரும்பாமல், கொண்டுபோயிருந்த தெர்மாஸ் குடுவையைத் திறந்து துவாரத்தின் வழியாக உள்ளே தள்ளினான். அதிகாரி ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். முகர்ந்தார். அவருடைய முகம் கொஞ்ச நேரம் தன் ஊரின் ஏதோ ஒரு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றுவிட்டுத் திரும்பியது. தன் நாட்டுப் பனிதான், சந்தேகமே இல்லை என்றார். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து, ஒரிஜினலோடு ஒரு நகலும் வேண்டும் என்றார்.

"ஒரிஜினல் இதுதாங்க. இதை எப்படி ஜெராக்ஸ் எடுக்கறது?"

"அது உங்க பிரச்சினை சார்னு சொல்றார்" என்றாள் அந்தப் பெண். தன் பங்குக்கு மெதுவாக, "அடுத்த தடவை பனியெல்லாம் கொண்டு வராதீங்க சார், லிஸ்ட்லயே இல்லை" என்று சேர்த்துக்கொண்டாள்.

சில வாரங்களில் பதில் வந்தது. எங்கள் நாட்டுப் பனி உங்கள் வீட்டில் பெய்துவருவதாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். அதை எந்த அனுமதியின் பேரில் பெற்றுக்கொள்கிறீர்கள் என்பதை விளக்கவும். அவன் விளக்கினான். அந்த விளக்கத்தைப் பரிசீலிக்க ஃபைல் இன்னொரு அலுவலகத்துக்குப் போயிற்று. அது எந்த அலுவலகம் என்று கேட்டு எழுதியதற்கு, தயவுசெய்து பொறுத்திருக்கவும் என்று பதில் வந்தது.

அப்படியே கோடை வந்தது. இடது பாதியில் பனி ஒழிந்து, இரவு சாப்பாட்டு நேரம் தாண்டியும் வெயில் அடித்தது. அவன் அதில் காலுறைகளைக் காயப்போட்டான். அப்புறம் சிவப்பு இலைகள் உதிர்ந்தன. அவற்றையும் அவன் பெருக்கவில்லை. மறுபடியும் பனி. இந்த முறை தலையணை மறைந்தது, கட்டிலின் தலைமாட்டுப் பலகை பாதி மறைந்தது. போனில் மனைவி, தான் குடியிருக்கும் வீட்டு வாசற்படியில் பனி உறைந்து கண்ணாடியாகக் கிடக்கிறது, வேலைக்குப் போகக் கதவைத் திறந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு வாத்து மாதிரி இறங்க வேண்டியிருக்கிறது என்றாள். "இங்கயும் அதே கதைதான்" என்று அவன் சொன்னதை அவள் ஆறுதல் என்று எடுத்துக்கொண்டாள்.

சகலை ஒருநாள் சாயங்காலம் பார்க்க வந்தார். மெக்கானிக் காபி போடச் சமையலறைக்குப் போனான். குப்பையைக் கண்டால் சகலையின் கை சும்மா இருக்காது. கதவுக்குப் பின்னால் இருந்த விளக்குமாற்றை எடுத்தார், கட்டிலின் இடது பாதியைப் பெருக்கினார், பனியை அந்தப் பாதியின் வலது மூலையில் கோபுரமாகக் குவித்தார். காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். அரை மணி நேரத்தில் மனைவியிடமிருந்து போன். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

"ஏய், இங்க ஒரு அதிசயம். கதவைத் திறக்கறேன், படி சுத்தமா இருக்கு! யார் பெருக்கினாங்கன்னே தெரியல. பனியை வலது மூலையில கோபுரமாக் குவிச்சு வச்சிருக்காங்க. அச்சு அசல் அத்தான் பெருக்கற மாதிரியே இருக்கு. சிரிச்சிட்டேன்."

மெக்கானிக்குக்கு விஷயம் அந்த நொடியே புரிந்துவிட்டது. எந்தக் கம்பியை இழுத்தால் எந்த மாடியில் கதவு திறக்கும் என்பதில் ஊறியவன் அவன். கட்டிலின் இடது பாதியும் அவளுடைய வாசற்படியும் ஒரே கயிற்றில் தொங்குகின்றன; இங்கே பெருக்கினால் அங்கே வழி. ஆனால் புரிந்ததும் அவனுக்கு முதலில் வந்தது ரோஷம். தன் பெண்டாட்டியின் வாசலை இன்னொருத்தர் பெருக்குவதா? சகலைக்கு உடனே போன் போட்டு, "இனிமே என் வீட்டுக் கட்டிலை நீங்க தொடக் கூடாது" என்றான். "சரி தம்பி. அப்ப நீங்க பெருக்கிடுங்க" என்றார் அவர். அவனா? விளக்குமாற்றோடு அவனைப் பார்த்தால் தெரு என்ன சொல்லும்? மூணு மாசம் வழிக்கு வந்துட்டான் என்று சொல்லும். வாசல் பெருக்கும் கோஷ்டியில் தன்னைச் சேர்க்க முடியாது என்று அவன் விளக்குமாற்றைப் பரண்மேல் தூக்கிப் போட்டான்.

அந்த வாரமே அவள் படியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. பல் செட் செய்பவளுக்கு வலது மணிக்கட்டுதான் எல்லாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தார்கள். இடது கையால் போனைப் பிடித்துக்கொண்டு அவள் எல்லாவற்றையும் சொன்னாள்: சட்டை பட்டன் போடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, மருந்துப் பாட்டில் மூடியைப் பல்லால் திறந்ததை, அது பல் செட் ஆக இருந்திருந்தால் மூடியோடு வந்திருக்கும் என்பதை. எப்போது வருவாய் என்ற வழக்கமான கேள்விக்காக அவன் காத்திருந்தான். அது வரவில்லை. கடைசியில் அவனே, "நான் ரெண்டே மாசத்துல..." என்று ஆரம்பித்தான்.

"விடு. நான் கேக்கலையே" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். "கேக்கறதை நிறுத்திட்டேன். நல்லாத்தான் இருக்கு. நீயும் சொல்றதை நிறுத்திடு."

மறுநாள் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு பெண். எவ்வளவு நேரம் ஆகும் என்று கதவிடுக்கு வழியாகக் கேட்டாள். அவன் வாய் தானாகத் திறந்தது. "ரெண்டே" வந்துவிட்டது, "நிமிஷம்" வரவில்லை. தொண்டையில் எங்கோ இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டது. "தெரியலம்மா. ஆனா நான் இங்கதான் இருக்கேன், போக மாட்டேன்" என்றான். பிறகு அந்தப் பெண், "அப்ப ஒண்ணு பண்ணுங்க. அந்த ஃபேனையாவது ஓட விடுங்க" என்றாள். அதை அவனால் செய்ய முடிந்தது. செய்தான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து சட்டையைக் கூட மாற்றாமல் ஸ்டூல் போட்டு ஏறி, பரண்மேலிருந்து விளக்குமாற்றை இறக்கினான். ஜன்னல் திரையை இழுத்து மூடினான்; தெருவில் சிலருக்கு நல்ல பார்வை. அவனுக்குப் பெருக்கத் தெரியவில்லை. முதல் வீச்சில் பாதிப் பனி அவன் முகத்திலேயே வந்து விழுந்தது. சகலை எப்படிச் செய்வார் என்று நினைத்துப் பார்த்து, குனிந்து, வீச்சைச் சின்னதாக்கி, தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்கு இழுத்து வந்தான். அடியில் உறைந்திருந்ததை லிஃப்ட் தண்டவாளத்தில் பழைய கிரீஸ் சுரண்டும் தகட்டால் சுரண்டினான். குவிப்பதற்கு இடது மூலையைத் தேர்ந்தெடுத்தான். வலது மூலை சகலையுடையது.

பால் பாக்கெட்டை எடுக்க வந்த ஹவுஸ் ஓனர் அம்மாள் நிலைப்படியில் நின்று பார்த்தார். விளக்குமாற்றையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். வாயில் வந்த பெயரை விழுங்கிக்கொண்டு, "கொஞ்சம் கல் உப்பு தூவுப்பா. வழுக்காது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அவன் சமையலறையிலிருந்து உப்பு டப்பாவைக் கொண்டுவந்து, மனைவி படுக்கும் இடம் முழுவதும் ஒரு மூலை விடாமல் தூவினான்.

மேலிருந்து இன்னும் கொஞ்சம் பெய்துகொண்டிருந்தது. மெல்லிசாக, சலித்த மாவுபோல. அவன் விளக்குமாற்றை ஊன்றியபடி நின்றான். தலையணைப் பக்கத்தில் ஒரு ஷூ தடம் விழுந்தது, சிறிய அளவு, குதிகால் வெளிப்பக்கம் தேய்ந்தது. அது அவனுக்குத் தெரிந்த தேய்மானம். அடுத்த தடம் ஜாக்கிரதையாக, பக்கத்திலேயே. மூன்றாவது கொஞ்சம் தைரியமாக. இடது மூலைக் குவியல் அருகே இரண்டு தடங்களும் சேர்ந்து நின்றன, யாரோ நின்று உற்றுப் பார்ப்பதுபோல. பிறகு கால்மாட்டு விளிம்பை நோக்கி நடக்க ஆரம்பித்தன, வழுக்காமல். தான் வழியில் நிற்பதைக் கவனித்து அவன் ஒதுங்கி, சுவரோடு ஒட்டிக்கொண்டான்.