கை எட்டாத இடம்

1

இந்தக் கதை ஒரு போன் அழைப்பில் பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசியவர் வார இதழின் ஆசிரியை.

“குளிர்கால இதழ்ல வறண்ட சருமத்துக்கு ரெண்டு பக்கம் டிப்ஸ் போடறோம். எதிர்ப் பக்கத்துல உங்க காதல் கதை. நடுவுல கொஞ்சம் க்ரீம் வர்ற மாதிரி பாத்துக்குங்க.”

“காதல்ல க்ரீம் எங்கம்மா வரும்?”

“உங்களுக்கா தெரியாது! நீங்க பல்வலியிலயே காதலைக் கொண்டு வந்தவங்க.”

அது உண்மைதான். உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன்.

*குளித்துவிட்டு வந்தவளின் தோளில் ஈரம் மின்னியது. “நகராதே” என்றான் அவன். க்ரீமை உள்ளங்கையில் சூடேறத் தேய்த்தபடி அவன் நெருங்க, அவள்*

அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியும். வெட்கப்படுவாள். என் கதைகளில் இதுவரை வெட்கப்பட்டவர்களை வரிசையில் நிறுத்தினால் தெருமுனையைத் தாண்டும். வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுக் குளிக்கப் போனேன்.

குளித்துவிட்டு வந்து, க்ரீம் டப்பாவும் கையுமாக நின்றேன். கை, கால், கழுத்து எல்லாம் ஆயிற்று. முதுகின் நடுவில் ஓர் இடம் மட்டும் மேலிருந்தும் எட்டவில்லை, கீழிருந்தும் எட்டவில்லை. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

“எங்க?”

“இன்னும் கீழ. இடது பக்கம்.”

“உனக்கு இடதா, எனக்கு இடதா?”

“ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்துதானே நிக்கறோம்? எல்லாம் ஒரே இடதுதான்.”

தடவிவிட்டு அவர் பேப்பர் படிக்கப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன். கூப்பிட முடியாதவர்கள் என்ன செய்வார்கள்?

2

ஒரு கணவன், மனைவி. அவர் பூட்டுக்காரர்; கடைத்தெருவில் பூட்டு ரிப்பேர், சாவி வெட்டும் கடை. அவள் தையல்காரி, ரெடிமேட் கடையில் பேன்ட் நீளம் குறைப்பது, ரவிக்கை பிரித்துத் தைப்பது. ஒரே வீடு. பேச்சு வார்த்தை இல்லை.

[ஏன் என்று கேட்பீர்கள். நிறையக் காரணங்கள் எழுதி அடித்தேன். கடைசியில் நின்றது இது: மகளின் கல்யாணப் பேச்சின்போது மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அம்மாவிடம் ஏதோ கேட்க, அவர் குறுக்கே விழுந்து, “இவகிட்ட என்ன கேக்கறீங்க, இவளுக்கு என்ன தெரியும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவரோடு பேசவில்லை. சின்னக் காரணம்தான். பெரிய காரணமாக இருந்திருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பார்கள்.]

மகள் கல்யாணமாகி வெளியூர் போகும்வரை அவள் வழியாகப் பேசிக்கொண்டார்கள். அதன்பின் ஃப்ரிட்ஜ் வழியாக.

“ஃப்ரிட்ஜே, சாப்பாடு மேசையில இருக்கு. ஆறிப்போச்சுன்னு யாரும் மூஞ்சியைத் தூக்க வேணாம்.”

“ஃப்ரிட்ஜே, உப்பு தூக்கலா இருக்குன்னு யாருக்காவது சொல்லி வை.”

“ஃப்ரிட்ஜே, நாக்கு நீளமா இருந்தா உப்பு அப்படித்தான் தெரியும்.”

மகள் போனில் சொல்லுவாள்: “அம்மா, அந்த ஃப்ரிட்ஜ் ரிப்பேர் ஆச்சுன்னா நீங்க ரெண்டு பேரும் பட்டினிதான்.”

இந்த இடத்தில் நான் சிரித்துக்கொண்டுதான் எழுதினேன்.

3

க்ரீம் வர வேண்டும்.

பூட்டுக்காரருக்கு எப்போதும் கையில் கிரீஸ், இரும்புத் தூள். அதைப் போக்க, பாத்திரம் விளக்கும் சோப்பு மாதிரி ஒரு காரமான சோப்பும் கொதிக்கக் கொதிக்க வெந்நீரும்தான் அவருக்கு ஒத்துவரும். அந்த வருஷக் குளிரில் தோல் சாம்பல் பூத்தது. முழங்காலுக்குக் கீழே மீன் செதில் மாதிரி வெடித்தது. பேன்ட்டை உதறினால் மாவு கொட்டியது. முதுகில் பாளம் பாளமாகப் பிளந்து அரித்தது. டாக்டரிடம் போனார்.

“வெந்நீரை விடுங்க. வெதுவெதுப்பு போதும். இந்த சோப்பைத் தூக்கிப் போடுங்க. குளிச்சதும் துண்டால தேய்க்காதீங்க, ஒத்தி எடுங்க. ஈரம் முழுசா காயறதுக்குள்ள க்ரீம் தடவிடணும். முதுகுக்கு வீட்ல யாரையாவது தடவச் சொல்லுங்க. சொறிஞ்சு புண்ணாக்கிடாதீங்க, சீழ் வச்சிடும். வீட்ல யார் இருக்காங்க?”

“ஃப்ரிட்ஜ் இருக்கு டாக்டர்.”

டாக்டர் அதை நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் ஃப்ரிட்ஜிடம் ஒப்பித்தார். முதுகுக்கு ஆள் வேண்டும் என்பதை மட்டும் விட்டுவிட்டார்.

ஒரு நீளமான இரும்பு ஸ்கேலின் நுனியில் துணி சுற்றி, அதில் க்ரீமை அப்பி, குளியலறைக்குள்ளேயே முதுகில் தேய்த்துக்கொண்டார். துணி நழுவிவிடும். ஸ்கேலின் விளிம்பு கிழிக்கும். கதவுக்கு இந்தப் பக்கம் சமையல் மேடையருகில் நின்ற அவளுக்கு அந்தச் சத்தம் கேட்டது. துவைக்கப் போட்ட பனியன்களின் முதுகில் புள்ளி புள்ளியாக ரத்தம் இருந்தது.

*அவள் கதவைத் தட்டினாள். “திறங்க, நான் தடவி விடறேன்” என்று*

இல்லை. அவள் தட்ட மாட்டாள். எழுதிப் பார்த்தேன், அவள் கை கதவருகே போய் நின்றுவிடுகிறது. வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு வேலை செய்து பழகியவள் அவள். உதட்டைத் திறந்தால் ஏதோ கீழே விழுந்துவிடும் என்பது போலவே இருப்பாள்.

ஆனால் தையல்காரிக்குக் கை இருக்கிறது. அவருடைய பனியன்களிலெல்லாம் கழுத்துப் பட்டையில் உறுத்தும் லேபிளைப் பிரித்து எடுத்தாள். தையல் மடிப்பு தோலில் படாதபடி மாற்றித் தைத்தாள். சோப்பை மாற்றி வைத்தாள். வாளியில் வெந்நீர் விளாவி வைப்பது இத்தனை வருஷமாக அவள் வேலைதான். இப்போது வெதுவெதுப்பாக விளாவினாள்.

“ஃப்ரிட்ஜே, தண்ணி என்ன, ஐஸ் போட்டு வச்சியா?”

“ஃப்ரிட்ஜே, டாக்டர் சொன்னா கேக்கணும்னு சொல்லு.”

பிறகு ஒருநாள், அந்த வாளியில் இரண்டு மூடி எண்ணெயும் விட்டாள். கை எட்டாத இடத்துக்கும் தண்ணீர் போகும் அல்லவா? இதை ஃப்ரிட்ஜிடம் சொல்லவில்லை. சொன்னால் அக்கறை என்று ஆகிவிடும்.

4

இங்கேயே நிறுத்தியிருந்தால் ஆசிரியைக்கு நல்ல கதை கிடைத்திருக்கும். முதுகு ஆறத் தொடங்கியது. அவர் யாரிடமும் சொல்லாமல் பனியனைத் திருப்பிப் பார்த்துத் தையலைத் தடவினார். காதல் இருக்கிறது, டிப்ஸும் இருக்கிறது.

ஆனால் நான் குளியலறையைக் கட்டிவிட்டேன். அதற்கு ஒரு தரை உண்டு. வழவழப்பான கல் தரை. வாளித் தண்ணீர் உடம்பை நனைத்துவிட்டு அங்கேதான் போகும். எண்ணெயும் அங்கேதான் போகும். தண்ணீர் வடிந்துவிடும், எண்ணெய் தங்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் விழுந்தார்.

கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. அவரே செய்து மாட்டிய தாழ். வெளியிலிருந்து எவனாலும் திறக்க முடியாது என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமை பேசிய தாழ்.

[அவரைப் பூட்டுக்காரர் ஆக்கியபோது இதை நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு தொழில் கொடுத்திருப்பேன்.]

இடுப்பு எலும்பு முறிந்து, ஈரத்தில் கிடந்தபடி அவர் கூப்பிட்டார்.

“ஃப்ரிட்ஜே…”

அவள் கதவை அறைந்தாள். தோளால் இடித்தாள். தெருவுக்கு ஓடி, பக்கத்து வீட்டு டிரைவரைக் கூட்டி வந்தாள். கதவை உடைக்க நேரமாயிற்று. அதுவரை உள்ளே அவர் குரல் சின்னதாகிக்கொண்டே வந்தது. “ஃப்ரிட்ஜே… ஃப்ரிட்ஜே…”

5

ஆஸ்பத்திரி. அறுவை சிகிச்சை முடிந்தது. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. டாக்டர் மகளை வராந்தாவுக்கு அழைத்து, “பேச வேண்டியவங்க பேசிக்கட்டும்” என்றார். மகள் உள்ளே வந்து அம்மாவைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள், மருந்து வாங்கப் போவதாகச் சொல்லி வெளியே போய் அழுதாள்.

படுத்தே கிடப்பதால் முதுகு மறுபடி வெடிக்கத் தொடங்கியிருந்தது. நர்ஸ் அவரைச் சுவர்ப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்தாள்.

“யாராவது தடவி விடுங்கம்மா. அழுத்தித் தேய்க்காதீங்க. மெதுவா.”

அவள் தடவினாள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். அவர் முகம் சுவரைப் பார்த்து இருந்தது. ஆக்ஸிஜன் முகமூடிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“ஸ்டாண்டே…” பக்கத்தில் குளுக்கோஸ் ஏறும் கம்பி நின்றது. “கை ஜில்லுன்னு இருக்கு.”

அவள் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டாள். “ஸ்டாண்டே, இப்ப பரவால்லையான்னு கேளு.”

“ம்.”

தன் எண்ணெய்தான் அவரை இங்கே கொண்டு வந்தது என்று அவளுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். சொன்னால் இந்த முதுகு தன்னைத் தொட விடாது என்று பயப்படுகிறாள்.

இங்கே நான் அவரிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்தேன். அவருக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கப் பூட்டுக்கு எண்ணெய் விட்டவர். முதல் நாளே வாளித் தண்ணீரை இரண்டு விரலுக்கு நடுவில் உரசிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார். தரை வழுக்கும் என்பதும் தெரியும். குழாயைப் பிடித்துக்கொண்டேதான் தினமும் குளித்து எழுந்தார். தெரிந்துவிட்டது என்று காட்டினால் அவள் நிறுத்திவிடுவாள் என்று வாயே திறக்கவில்லை. அன்றைக்குப் பழைய புண் ஒன்று அரிக்க, கையைக் குழாயிலிருந்து எடுத்துவிட்டார். அவ்வளவுதான்.

6

முடிவு, ஒரு மாதிரி:

*“எண்ணெய் விட்டது நான்தாங்க” என்றாள். அவர் திரும்பாமலே சொன்னார். “தெரியும்.”*

இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். என் பழைய கதை ஒன்றின் கடைசி வரி மாதிரியே இருந்தது. நிஜத்தில் அந்த முகமூடிக்குள்ளிருந்து அவ்வளவு தெளிவாக வார்த்தை வராது.

முடிவு, இன்னொரு மாதிரி:

*காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்கள் போனபின் அவள் சமையலறைக்குப் போய் நின்றாள். “ஃப்ரிட்ஜே, எண்ணெய் விட்டது நான்தான்.” மோட்டார் ஒரு குலுக்கலோடு ஓட ஆரம்பித்தது.*

இதை எழுதியதும் எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன். இதுதான் நடக்கும் என்று தோன்றுகிறது. அச்சுக்கு அனுப்பக் கை வரவில்லை.

7

ஆசிரியை காலையில் கூப்பிட்டார். “முடிச்சிட்டீங்களா? கடைசியில ரெண்டு பேரும் சேந்துடறாங்கல்ல?”

“அவருக்கு மூச்சு இன்னும் இருக்கும்மா” என்றேன். ஆசிரியைக்குப் புரியவில்லை.

கதையில் இப்போது மதியம். மகள் இன்னும் வரவில்லை. அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். மூச்சுக்கு நடுவே இடைவெளி கூடிக்கொண்டு வருகிறது. அவள் விரல், அந்த ஸ்கேல் கிழித்த இடத்துக்கு வந்து நின்றிருக்கிறது. முகமூடிக்குள் அவர் உதடு அசைகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவளுக்கு அது தெரியாது.

எழுதுகிறவள் அந்த அறைக்குள் போக முடியாது. போனால் நான் ஏதாவது அழகாகப் பேசிக் கெடுத்துவிடுவேன்.

நீங்கள் போகலாம். வாசலில்தான் நிற்கிறீர்கள். உள்ளே இருக்கும் இருவரும் ஆளுக்கு ஒரு ரகசியத்தை மறைத்து வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இரண்டும் தெரியும். கதவுக்குத் தாழ் இல்லை. பக்கத்தில் தொட்டி இருக்கிறது, கையைக் கழுவிக்கொள்ளுங்கள்.

சீக்கிரம்.